மரம் தந்த ஆடை

காட்டில் தவம் புரிந்த முனிவர்கள் மரவுரி உடுத்தனர் என இதிகாசங்கள் கூறும். அரச வாழ்வு நீங்கி வனம் புகுந்த இராமனுக்கும் பட்டாடைக்கு ஈடாகக் கிடைத்தது மரவுரியே. துறவின் அடையாளமாகிய அதற்கும் மாளிகைக்கும் இடையே தொலைவு மிகுதி. 2018 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6 ஆம் நாள், பின்லாந்து நாட்டுத் தலைநகராகிய ஹெல்சிங்கியில் அத்தொலைவு ஒருவாறு குறைந்தது. அன்று அந்நாட்டின் விடுதலைத் திருநாள். குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்த விருந்தில், அந்நாளைய தலைவர் சவுலி நீனிஸ்தோவின் துணைவியார் யென்னி ஹவுக்கியோ அம்மையார், பூர்ச்ச மரத்தினின்று எடுத்த நூலால் நெய்த நீண்ட அங்கி அணிந்து விருந்தினரை வரவேற்றார். அவ்விழை பிறந்த இடம் ஆல்டோ பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம்.

பூர்ச்சம் நம் நாட்டிற்கு முற்றும் அயலானது அன்று. அதன் இனமாகிய இமயப் பூர்ச்சத்தின் பட்டையில் காசுமீரத்தார் பண்டு ஏடுகள் எழுதினர். அங்கே எழுத்து நூலுக்கு இடம் தந்த மரம், இங்கே நெசவு நூலாகவே மாறியது.

பருத்தி இருக்க, மரத்தை நாடுவானேன்? ஒரு கிலோ பருத்தி விளைய, உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் வேண்டும். நடு ஆசியாவிலுள்ள ஏரல் கடல் 1960 ஆம் ஆண்டளவில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கியது. அதற்கு நீர் கொணர்ந்த அமு தாரியா, சிர் தாரியா என்னும் ஆறுகளைச் சோவியத்து அரசினர் பருத்தி வயல்களுக்குத் திருப்பினர். 2007 ஆம் ஆண்டளவில் அவ்வேரி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மீன்பிடி படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடந்தன. உப்புப் புழுதி ஊர்களின்மேல் வீசியது. பருத்தியின் மேல் பழியில்லை. பாசனத்தில் அளவு கடந்தவர் மேலதே பழி. ஆயினும், உலகோர் அனைவர்க்கும் பருத்தி ஒன்றே உடை தரும் என எண்ணுதல் இனி இயலாது. இன்று உலகில் செய்யப்படும் இழைகளுள் பாதிக்கு மேற்பட்டது பாலியெஸ்டர். அது நிலத்தடி எண்ணெயிலிருந்து பிறப்பது. துவைக்குந்தோறும் நுண்துகள்களை நீரில் உதிர்ப்பது.

மரத்திலிருந்து இழை எடுத்தலும் புதியதன்று. பருத்தியிலும் மரத்திலும் உள்ள அடிப்படைப் பொருள் ஒன்றே. அதன் பெயர் செல்லுலோசு. 1892 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூவர், மரக்கூழைக் கரைத்து விஸ்கோஸ் என்னும் செயற்கைப் பட்டுக்கு வழி கண்டனர். செல்லுலோசு எளிதிற் கரையாது. நீரில் பல நாள் ஊறினும், வெந்நீரிற் கொதித்தாலும் பருத்தித் துணி துணியாகவே இருப்பதை யாவரும் அறிவர். ஆதலின் அவர்கள் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுப் பொருளின் துணையை நாடினர். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளருட் பலர் நரம்பு தளர்ந்தனர். சிலர் அறிவு திரிந்தனர். மேனியில் மென்மையாகத் தவழ்ந்த அத்துணியை வாங்கியவர்க்கு இது தெரியாது. ஓர் ஆடையின் விலையைக் கடைக்காரன் எழுதும் சீட்டு முழுமையாகக் காட்டுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிற்காலத்தில் தோன்றிய லையோசெல் முறை அந்நஞ்சை விலக்கிற்று. எனினும் அதன் கரைப்பான் மிகச் சூடேறின் கட்டுக்கடங்காது சிதையும் இயல்புடையது.

நஞ்சும் இன்றி, வெடிக்கும் அச்சமும் இன்றிச் செல்லுலோசைக் கரைக்க இயலுமா? ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரிய நாட்டவராகிய பேராசிரியர் ஹெர்பர்ட் சிக்ஸ்டாவின் குழுவினரும், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இல்க்கா கில்பெலைனனின் குழுவினரும் இவ்வினாவிற்கே விடை தேடினர். அவர்கள் கண்டது ‘அயனி நீர்மம்’. பெயர் கடினமாயினும் பொருள் எளிது. அஃது ஒருவகை உப்பு. சோற்றுப்பை நீர்போல் உருக்க 801 பாகை வெப்பம் வேண்டும். இவ்வுப்போ கொதிநீரின் வெப்பத்திற்குக் குறைந்த நிலையிலேயே நீர்மமாக இருக்கும். மரக்கூழை அதிலிட்டால், சர்க்கரை பாலிற் கரைவதுபோலக் கரைந்து, தேனினும் தடித்த கரைசலாகும். அதனை நுண்துளைகள் பல கொண்ட தட்டின் வழியே பிதுக்குவர். வெளிவரும் இழைகள் ஒரு விரற்கடை அளவே காற்றில் இறங்கி நீர்த்தொட்டியில் விழும். அச்சிறு இடைவெளியிலேதான் நுட்பம் இருக்கிறது. அங்கே இழை பன்மடங்கு இழுக்கப்படுகிறது. கலைந்த கூந்தலைச் சீப்பு ஒழுங்குபடுத்துவதுபோல, செல்லுலோசு மூலக்கூறுகள் அவ்விழுப்பினால் ஒரு திசையில் அணிவகுக்கின்றன. நீரைத் தொட்டவுடன் உப்பு பிரிந்து நீரிற் கலக்கும். செல்லுலோசு இழையாக உறையும். ‘அயோன்செல்’ எனப் பெயர் பெற்ற இவ்விழை விஸ்கோசினும் வலியது. மெல்லிய பளபளப்பும் உடையது.

நல்ல இழை கிடைத்தால் போதுமா? நெய்வாரும் தைப்பாரும் அதனை ஏற்கவேண்டுமன்றோ? தொழில்நுட்பம், வாணிகம், கலை என்னும் மூன்று துறைகளுக்குத் தனித்தனியே இருந்த மூன்று பல்கலைக்கழகங்களை இணைத்து 2010 ஆம் ஆண்டில் அமைந்ததே ஆல்டோ பல்கலைக்கழகம். ஆதலின் அங்கே வேதியியல் பயில்வோரும் ஆடை வடிவமைப்புப் பயில்வோரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். துணி உடலில் எவ்வாறு விழும், மடிப்பு நிற்குமா, சாயம் ஏறுமா என்பன போன்ற வினாக்களைக் குடுவையோடு பழகிய மாணவன் தானே கேட்டிரான். தறியோடு பழகியவர் கேட்டனர், இழை திருந்தியது.

இம்முறையின் பெரும்பயன் பழந்துணியில் உள்ளது. உலகில் கழிக்கப்படும் உடைகளுள் மீண்டும் புத்துடையாகத் திரும்புவது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. கந்தலைப் பிய்த்து நூற்றால் இழை குறுகி வலியிழக்கும். கரைத்து நூற்றாலோ இழை புதிதாகவே பிறக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில், அயனி நீர்மம் பருத்தியை மட்டும் கரைத்துப் பாலியெஸ்டரைத் தனியே விட்டுவிடும். சில சாயங்கள் இழையோடு நிலைத்து நிற்பதால், பழைய நீலத்துணி புதிய நீலநூலாகும். மீண்டும் சாயமிட வேண்டுவதில்லை.

கரைப்பான் விலை மிக்கது. எனவே தொட்டி நீரிலிருந்து அதனை ஏறத்தாழ முழுவதும் மீட்டெடுத்தல் வேண்டும். மீட்பதற்கு நீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு எரிபொருட் செலவு உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஓர் அங்கிக்கு மீட்பது எளிது. ஆலையில் ஆயிரமாயிரம் டன்னுக்கு மீட்பது அரிது. இச்செலவு குறைந்தாலன்றிப் பூர்ச்ச நூலாடை எளியோர் வாங்கும் கடைத்தெருவிற்கு வாராது.