குடியும் மறதியும்: வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை

காணி உறுதி எங்கே என்று கேட்டால் நேற்று ஒரு பதில், இன்று வேறொரு பதில். காலையில் விதானையார் வந்து போயிருப்பார். மாலையில் "அவர் வரவேயில்லை" என்பார். பல ஆண்டுகளாகச் சாராயமோ கசிப்போ அளவுக்கு மீறிக் குடித்த ஒருவர் இப்படிப் பேசினால் வீட்டார் அவரைப் பொய்யர் என்று ஏசுவதுண்டு. அது பொய்யாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

மூளை இயங்கத் தயமின் எனும் விற்றமின் பி1 தேவை. உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். தொடர்ந்து குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் தயமினைக் குடல் உறிஞ்சுவதை மதுசாரம் தடுக்கிறது. சேமிப்புத் தீர்ந்தால் புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதிகள் சேதமடையும். 1881இல் கார்ல் வேர்ணிக்கேயும் 1887இல் சேர்ஜி கோர்சகோவும் இதை விவரித்தார்கள். இன்றும் இந்நோய் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தது நினைவிருக்கும். இன்று காலை சாப்பிட்டது நினைவிராது. அந்த இடைவெளியை மனம் தானாகவே ஒரு கதையால் நிரப்பும். சொல்பவர் அதை உண்மையென்றே நம்புகிறார்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அறிகுறிகள்

• குடிக்காத நேரத்திலும் தள்ளாட்டம்
• பொருட்கள் இரண்டாகத் தெரிதல், கண்கள் துடித்தல்
• இடமும் நாளும் தெரியாத குழப்பம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். வைத்தியரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்துடன் தயமின் ஊசி ஏற்றினால் மூளையைக் காக்கலாம். தாமதித்தால் மறதி நிலைத்துவிடும். சிவப்புப் புழுங்கலரிசி, உளுந்து, பயறு ஆகியவற்றில் தயமின் உண்டு. ஆனால் நோய் வந்தபின் சாப்பாடு மட்டும் போதாது.

திடீரென நிறுத்தலாமா?

கடுமையாகக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிராபத்தும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் படகேறித்தான் பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள். 1926 எனும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

• உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் வையுங்கள்.
• மீள்குடியேற்றப் படிவங்களில் அவரைத் தனியே கையொப்பமிட விடாதீர்கள்.
• பொருட்களை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். அன்றன்று நடந்ததை நாட்காட்டியில் எழுதுங்கள்.
• மறந்ததற்காக வாதாடாதீர்கள். அமைதியாகத் திரும்பச் சொல்லுங்கள்.

குடியை முற்றாக விட்டுச் சிகிச்சை பெறுவோரில் பலர் ஓரளவாவது தேறுகிறார்கள். அதற்கு மாதங்கள் செல்லும்; அதுவரை வீட்டாரின் பொறுமையும் சிகிச்சையில் ஒரு பங்கு.