கடன் பத்திரமும் பொது மருத்துவமனையும்

தறி வாங்கவும் கிணறு வெட்டவும் நாம் நீண்டகாலக் கடன் பெறுகிறோம். நூலுக்கும் விதைக்கும் குறுகியகாலக் கடன் பெறுகிறோம். நெடுநாள் பயன் தருவதற்கே நெடுநாள் கடன் என்பது கூட்டுறவின் பாலபாடம். ஊரார் மருத்துவமனை கட்டும்போதும் இவ்விதி பொருந்துமாற்றை இங்கு ஆராய்வோம்.

கடன் பத்திரம் என்பது யாது? பங்கு வாங்கியவர் ஸ்தாபனத்தின் உரிமையாளருள் ஒருவர். லாபம் இருப்பின் ஈவு பெறுவார். கடன் பத்திரம் வாங்கியவரோ கடன் கொடுத்தவர் மட்டுமே. குறித்த வட்டியும் தவணைப்படி அசலும் பெறுவார். சென்னையில் 1929-இல் அமைந்த மத்திய நில அடமான வங்கி இத்தகைய பத்திரங்களை வெளியிட்டே உழவர்க்கு நீண்டகாலக் கடனுக்குப் பணம் திரட்டியது.

அமெரிக்காவில் நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு கவுண்டி எனப்படும். கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ, நகரமாகவும் கவுண்டியாகவும் விளங்குவது. அதன் பொது மருத்துவமனை, பெருவிபத்துகளில் காயமுற்றோர்க்கு அந்நகரிலுள்ள ஒரே முதல்நிலை சிகிச்சை மையம். 1994-இல் நிகழ்ந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திற்குப்பின் மாநிலச் சட்டம் மருத்துவமனைக் கட்டடங்களின் உறுதி குறித்துக் கடுமையான விதிகளை வகுத்தது. பழைய கட்டடம் அவற்றை நிறைவு செய்யவில்லை. புதிது எழுப்பாவிடில் உள்நோயாளர் சிகிச்சையே நின்றுவிடும் நிலை.

ஆகவே 2008 நவம்பரில் 88 கோடியே 74 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட மக்களின் சம்மதம் கோரப்பட்டது. மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும். பொருளாதார நெருக்கடி மிகுந்த அவ்வேளையிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் இசைந்தனர். புதிய கட்டடம் 2016-இல் திறக்கப்பெற்றது.

இக்கடனை அடைப்பவர் யார்? சொத்து வரி செலுத்துவோரே. வீட்டுச் சொந்தக்காரர் அவ்வரி உயர்வில் பாதியைக் குடியிருப்போரிடம் பெறவும் விதியுண்டு. எனவே வாக்களித்தவர் பிறர் பணத்தை வழங்கவில்லை. தம் கடனையே தாம் ஏற்றனர்.

ஒன்று கவனிக்கத்தக்கது. அம்மாநிலத்தில் இவ்வகைப் பத்திரப் பணம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரியது. கருவிகளுக்கும் ஊதியத்துக்கும் அன்று. கருவிகளுக்கு நன்கொடை நாட வேண்டியிருந்தது. 2015-இல் மார்க் சக்கர்பெர்க், பிரிசில்லா சான் தம்பதியர் ஏழரைக் கோடி டாலர் அளித்தனர்.

கடன் கட்டடத்தைத் தரும்; அதனை நடத்தும் செலவை ஆண்டு வருவாயே தர வேண்டும். நம் சங்கம் கிடங்கு கட்டத் தீர்மானிக்கும் நாளில், கட்டும் செலவோடு நடத்தும் செலவையும் கேட்டறிந்து கை உயர்த்துவது அங்கத்தினர் கடமையாம்.