ஒன்றரை ஷிப்டை அளக்க எந்த முறை?

பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் வரை பனியன் கம்பெனிகளில் வேலைக்கு ஷிப்ட் கணக்குத்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், கூட நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் ஒன்றரை வழக்கமாகிவிடும். இந்த நீண்ட நாள் தொழிலாளியின் கவனத்தையும் மனநிலையையும் என்ன செய்கிறது என்று ஆராயப் புறப்படுபவர் உளவியல் மாணவராக இருக்கலாம், கம்பெனியின் எச்.ஆர். ஆளாக இருக்கலாம், தொழிற்சங்கத்தவராகவும் இருக்கலாம். அவர் கையில் பல முறைகள் உண்டு: பேட்டி, வினாப்பட்டியல், இரு குழு ஒப்பீடு, ஒரே ஆளை இருமுறை சோதிப்பது, சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்யும் பரிசோதனை. பாடநூல்கள் இவற்றை ஏணிப்படி போல அடுக்கி, பரிசோதனையை உச்சியில் வைக்கும். அந்த வரிசையை நம்பி முறையைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. நம் முடிவைக் கேட்டதும் மறுப்பவர் என்ன மாற்று விளக்கம் சொல்வார், அதற்கு எந்த முறையில் பதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் முதலிடம் ஒரு தொழிலாளியை அவரோடே ஒப்பிடும் முறைக்குத்தான்.

செலவு குறைவு என்பதால் பலரும் முதலில் எடுப்பது வினாப்பட்டியலை. மனச்சோர்வை மதிப்பிட உலகெங்கும் புழங்கும் பி.எச்.கியூ.-9 என்ற பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்பது பொது வழக்கம். இதில் மூன்றாவது கேள்வி தூக்கம் பற்றியது, நான்காவது களைப்பு பற்றியது. தொடர்ந்து ஒன்றரை ஓட்டும் ஓவர்லாக் டெய்லர் இரண்டுக்கும் ‘அநேகமாகத் தினமும்’ என்று சொன்னாலே ஆறு வந்துவிடும். அந்த ஆறு மனச்சோர்வைச் சொல்கிறதா, வேலை நேரத்தைச் சொல்கிறதா? மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாளை நீட்டுவது சூப்பர்வைசர் என்றால் விடை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ்ப் பட்டியல் உதவாது. ஒவ்வொரு மொழியிலும் அது ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். எத்தனை பேருக்கு என்ன சிரமம் என்று தொகை எடுக்க வினாப்பட்டியல் நல்ல கருவி. எதனால் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

அந்தப் பதிலுக்காக ஒரு ஷிப்ட் ஆட்களையும் ஒன்றரை ஷிப்ட் ஆட்களையும் இரு வரிசையாக நிறுத்தி ஒப்பிடுவார்கள். இங்கேதான் பெரிய பள்ளம். ஒன்றரை ஓட்டுபவர் பெரும்பாலும் இளையவர், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர், கடன் உள்ளவர். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய தாய் ஒரு ஷிப்டோடு கிளம்பிவிடுவார். ஆக ஒப்பிடுவது இரண்டு வாழ்க்கைகளை. போதாக்குறைக்கு, ஒன்றரையைத் தாங்க முடியாதவர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார். எஞ்சியவர்களை மட்டும் சோதித்துவிட்டு, நீண்ட வேலையால் பாதிப்பில்லை என்று முடிவு கட்டுவது, ஓட்டத்தில் பாதியில் விழுந்தவர்களை எண்ணாமல் எல்லாரும் ஓடி முடித்தார்கள் என்பதற்குச் சமம். எண்ணிக்கையும் இடிக்கும். திட்டவிலக்கத்தில் பாதியளவுள்ள வித்தியாசத்தை ஐந்தில் நான்கு தடவையாவது கண்டுபிடிக்க, வழக்கமான 5 சதவீத அளவுகோலில், குழுவுக்கு 64 பேராக 128 பேர் வேண்டும். ஒரே ஆளை இருமுறை சோதித்து, இரு மதிப்பெண்களுக்கும் தொடர்புக்கெழு 0.5 இருந்தால் 34 பேர் போதும். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் கணக்கிலிருந்து கழிந்துவிடுவதுதான் காரணம்.

இந்த முறையின் பலத்தைக் காட்டிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, கையில் காசு வற்றியிருக்கும் அறுவடைக்கு முன்பும், பணம் வந்த பின்பும் சோதித்தார்கள். ரேவன் படப் புதிர்களில் சரியான விடைகள் சராசரி 4.35-லிருந்து 5.45-க்கு உயர்ந்தன. எழுத்தறிவு குறைந்தவர்களுக்காக, கவனக் கட்டுப்பாட்டை அளக்கும் ஸ்ட்ரூப் சோதனையையும் எண்களுக்கு மாற்றியிருந்தார்கள்: ‘2 2 2’ என்று காட்டினால் ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை பழக்கத்தால் நன்றாகச் செய்திருப்பார்களே என்ற மறுப்பை எதிர்பார்த்து, சிலரை முதன்முறையாக அறுவடைக்குப் பிறகே சோதித்து ஒப்பிட்டார்கள். அறுவடை எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வராததால் பருவத்தின் பங்கையும் ஓரளவு பிரிக்க முடிந்தது. இவ்வளவு செய்தும் விவாதம் ஓயவில்லை. அதே கட்டுரையில் அமெரிக்காவில் செய்த சோதனைகளில் வருமானத்தைப் பணக்காரர், ஏழை என்று இரண்டாக வெட்டியதை விகெர்ட்ஸும் ஸ்கோல்டனும் கேள்வி கேட்டார்கள். தொடர்ச்சியான எண்ணை நடுவில் வெட்டினால் தகவல் போகும், இல்லாத வித்தியாசமும் முளைக்கும். வேலை மணிகளை ஒன்று, ஒன்றரை என்று மட்டும் குறிக்கப்போகிறவருக்கும் இது பொருந்தும். கார்வால்யோ குழு 2016-இல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்தபோது சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் கரும்புப் பணமும் அமெரிக்கச் சம்பளமும் ஒன்றல்ல. திருப்பூரின் சனிக்கிழமைச் சம்பளம் எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கே சோதித்துத்தான் அறிய முடியும். சோதிக்கும்போது பாதிப் பேரை ஒன்றரை வாரத்திலும் மீதிப் பேரை ஒரு ஷிப்ட் வாரத்திலும் முதலில் சோதித்து வரிசையை மாற்ற வேண்டும். ஒரே லைனில் முப்பது பேர் என்றால் சூப்பர்வைசரும் ஆர்டரும் ஒன்றே; அவர்களை முப்பது தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது, பல கம்பெனிகளில் பரப்ப வேண்டும்.

அப்படியானால் பரிசோதனை எதற்கு? எல்லாருக்கும் தெரிந்ததாக நினைக்கும் விஷயத்தைக் கவிழ்க்க. சென்னையில் 452 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், படுக்கையில் எட்டு மணி நேரம் கழித்தவர்கள் ஐந்தரை மணி நேரமே தூங்கினார்கள் என்று மணிக்கட்டுக் கருவி காட்டியது. வாய்வார்த்தையை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. குலுக்கலில் வந்தவர்களுக்கு உதவி செய்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். நிபுணர்கள் எதிர்பார்த்த பலன் உற்பத்தியிலும் இல்லை, சிந்தனைத் திறனிலும் இல்லை. வேலையிடத்தில் மதியம் போட்ட குட்டித் தூக்கமோ இரண்டையும் உயர்த்தியது. ஓய்வு மட்டும் எடுத்தவரோடு ஒப்பிட்டால் தூங்கியவருக்கு வருமானம் கூட. வேலையைத் தொடர்ந்தவரோடு ஒப்பிட்டால் குறைவு. எந்த ஒப்பீட்டை முதலாளி மேசையில் வைப்பார், எதைச் சங்கம் வைக்கும் என்று யூகிப்பது கடினமல்ல. இரண்டையும் எழுதுவது ஆய்வாளர் வேலை. ஷிப்டைக் குலுக்கிப் பிரிக்க எந்தக் கம்பெனியும் சம்மதிக்காது என்பது நியாயமான மறுப்பு. பீஸ் ரேட்டில் அது தொழிலாளியின் வருமானத்திலும் கை வைக்கும். ஆனால் டீ இடைவேளையின் நேரத்தையும் நீளத்தையும் லைன்களுக்கிடையே குலுக்க முடியும். இடைவேளையில் இழக்கும் பீஸுக்கு ஈடு கொடுத்தால் போதும்.

பேட்டியைக் கடைசியில் சொன்னாலும் வேலையில் அது முதலில் வரும். செக்கிங் பெண்ணுக்கு ஒன்பதாவது மணியில் தவறுவது எது, டெய்லருக்கு எது என்று பத்துப் பதினைந்து பேரிடம் ரூமிலோ ஹாஸ்டலிலோ, கம்பெனிக்கு வெளியே உட்கார்ந்து கேட்டால்தான் எதை அளப்பது என்றே தெரியும். சம்மதத்தையும் அங்கேயே வாங்குவது நல்லது. முதலாளி கையெழுத்து உள்ளே நுழையும் அனுமதி மட்டும்தான், தொழிலாளியின் சம்மதம் ஆகாது.