மலை ஜீப்புக்குக் காற்றடிக்கும் மெஷின்

கொடைக்கானல் மலையில் மன்னவனூர், கூக்கால் பக்கம் மண் தடத்தில் ஜீப்பை இறக்குகிறவர்கள் பிடிப்புக்காக டயரில் காற்றைக் குறைப்பார்கள். தார் ரோட்டில் ஏறியதும் பழைய அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும். காற்றிறங்கிய டயரோடு கொண்டை ஊசி வளைவில் திரும்புவது ஆபத்து.

இதற்காகக் காற்றடிக்கும் மெஷின் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட '150 பிஎஸ்ஐ'யைப் பார்த்து மயங்காதீர்கள். ஜீப்புக்குத் தேவை 30, 35தான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும், நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓடும் என்று கேளுங்கள். பொடி மெஷின், நாலு டயரும் முடிவதற்குள் சூடேறி நின்றுவிடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம்; அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடிவாரத்து வத்தலக்குண்டில் சட்டென்று நிறைகிற டயர், மலை மேலே நிறையக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் ஒரு படி பெரிய மெஷினாகவே எடுங்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய மெஷினைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதை வாங்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றடியுங்கள். ஹோஸ் பின் டயர்வரை எட்டுகிறதா என்று கடை வாசலிலேயே இழுத்துப் பாருங்கள்.