தாய் எலிகளை வைத்துக்கொள்

அன்புள்ள மலர்விழி,

பி.எச்டி.க்கு இடம் கிடைத்ததும், நீ பிரீஎக்ளாம்ப்சியா ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்ததும் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. எலியில் தொடங்குவதா, சுண்டெலியிலா, இல்லை தட்டில் வளர்க்கும் நஞ்சுக்கொடி செல்களிலா என்று கேட்டிருக்கிறாய். நீ விடை தேடும் கேள்வி எது என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

பிரீஎக்ளாம்ப்சியாவில், இருபது வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் ஏறும். சிறுநீரில் புரதம் இறங்கும், அல்லது கல்லீரலோ சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்படும். இந்த நோய் எலிக்கும் சுண்டெலிக்கும் பொதுவாக இயல்பாக வருவதில்லை. ஆகவே ஆய்வகத்தில் நீ காணப்போகும் பெரும்பாலான மாதிரிகள் நோயின் ஏதோ ஒரு துண்டை மனிதர் கைகொண்டு உண்டாக்கியவை. எந்தத் துண்டு என்பதைத் தெரிந்துகொண்டு கை வை.

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் ஜோயி கிரேஞ்சரின் குழு வளர்த்தெடுத்த எலி மாதிரியை எடுத்துக்கொள். எலியின் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். அதன் பதினான்காம் நாளில் வயிற்றுப் பெருந்தமனியிலும் சினைப்பைத் தமனிகளிலும் சிறிய வெள்ளிக் கவ்விகளைப் பொருத்துவார்கள். கருப்பைக்குப் போகும் ரத்தம் குறையும்; சில நாளில் தாயின் ரத்த அழுத்தம் ஏறும்; குட்டிகளின் எடை குறையும். ரத்தம் போதாத நஞ்சுக்கொடி தாயின் உடலை என்ன செய்கிறது என்று கேட்டால் இந்த மாதிரி நேர்மையாகப் பதில் சொல்லும். ஆனால் பெண்ணின் உடலில் சிக்கல் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, குறுகிய சுருள் தமனிகளை அகலமாக்க வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. பதினான்காம் நாள் கவ்வி போட்டவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். ஏன் நின்றது என்பதுதான் உன் கேள்வி என்றால், 2018-இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய நஞ்சுக்கொடி ஆர்கனாய்டு போன்ற மனித செல் மாதிரிகளுக்குப் போ. அவற்றில் தாயின் இதயம் இல்லை என்பதையும் மறக்காதே.

2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு வேறு வழியில் போனது. நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்-ஃப்ளிட்-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் விடுகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவர் நலமாயிருக்கத் தேவையான வி.இ.ஜி.எஃப்., பி.எல்.ஜி.எஃப். ஆகிய வளர்ச்சிக் காரணிகளை அது வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. வைரஸ் மூலம் எலிகளின் உடலில் அந்தப் புரதத்தைப் பெருக்கியபோது ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரக வடிப்பான்களில் இந்நோய்க்கே உரிய வீக்கம் தெரிந்தது. சினையாகாத எலிகளிலும் அழுத்தம் ஏறியது. நஞ்சுக்கொடி இல்லாமலேயே அதன் நஞ்சு மட்டும் வேலை செய்தது என்றால், இந்த நோயைக் கர்ப்பப்பையோடு முடிந்த விஷயமாக எண்ணியது எவ்வளவு பிழை! எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இது.

இனி இதயம். பிரீஎக்ளாம்ப்சியா வந்துபோன பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு போன்ற இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பக்கவாதமும் கிட்டத்தட்ட அதே அளவு. உயர் ரத்த அழுத்தம் மூன்று மடங்குக்கும் மேல். சுமார் 35 லட்சம் பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2007-இல் வெளிவந்த கணக்கு இது. 2011-இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான வழிகாட்டுதலில் இதையும் ஓர் அபாயக் காரணியாகச் சேர்த்தது.

இவ்வளவு பெரிய கணக்காலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அந்த நோய்தான் இதயத்தைக் கெடுத்ததா, அல்லது ஏற்கெனவே பலவீனமாயிருந்த ரத்தக்குழாய்களைக் கர்ப்பம் வெளிக்காட்டியதா? எந்தப் பெண்ணுக்கும் நாம் நோயைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க முடியாது. எலிக்குக் கொடுக்கிறோம். விலங்கின் வேதனைக்கு ஈடாக நாம் பெறும் அறிவு இதுதான். அதை வீணாக்கக் கூடாது என்பதே உன்னிடம் நான் வேண்டுவது.

பாஸ்டனில் ஐரிஸ் ஜாஃபியின் ஆய்வகம் 2015-இல் வெளியிட்ட கட்டுரையை முதலில் படி. நலமான சுண்டெலிகளுக்குச் சினைக்காலத்தில் எஸ்-ஃப்ளிட்-1-ஐப் பெருக்கினார்கள். குட்டி போட்டபின் ரத்த அழுத்தம் இயல்புக்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் கழுத்துத் தமனியில் சிறு காயம் உண்டாக்கினார்கள். நோயைக் கடந்த தாய்களின் தமனிச் சுவர், மற்ற தாய்களுடையதைவிட அதிகமாகத் தடித்து நார்த்தன்மை கொண்டது. அழுத்தம் இறங்கிவிட்டாலும் குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நோய்தான் கெடுத்தது என்ற முதல் விளக்கத்துக்கு இது வலுவான சான்று. இரண்டாவது விளக்கத்தைச் சோதிக்க வேண்டுமானால், சினையாகும் முன்பே அழுத்தம் உயர்ந்திருக்கும் இனங்கள் வேண்டும்: உப்பைத் தாங்காத டால் எலி, பி.பி.எச்-5 சுண்டெலி போன்றவை. இரண்டையும் ஒரே மாதிரியில் கேட்டால் குழப்பமே மிஞ்சும்.

பெரும்பாலான சோதனைகள் குட்டி போடுவதற்கு ஓரிரு நாள் முன்பே முடிந்துவிடுகின்றன. நஞ்சுக்கொடியை எடுக்கவேண்டும், குட்டிகளை எடை போடவேண்டும் என்பதால் தாயின் கணக்கும் அன்றே மூடப்படுகிறது. பிரசவ வார்டிலும் இப்படித்தான். "பிரஷர் இறங்கிடுச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்றதும் அந்தப் பெண்ணைப் பிறகு யாரும் தேடுவதில்லை. நாற்பது வயதில் நெஞ்சுவலியோடு வரும்போது, பிள்ளைப்பேற்றில் என்ன நடந்தது என்று கேட்பவரும் குறைவு. வார்டில் நேர்வது உன் கூண்டுகளிலும் நேர விடாதே. ஒவ்வொரு குழுவிலும் சில தாய்களையாவது வைத்துக்கொள். சுண்டெலி ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழும். ஒரு வயதுத் தாயிடம் இருப்பது நடுவயதுப் பெண்ணின் கதை.

வைத்துக்கொண்டால் வேலை கூடும். கர்ப்பமே இதயத்தை மாற்றும். ஆகவே நலமாகக் குட்டி போட்டவையும் வேண்டும், சினையே ஆகாதவையும் வேண்டும். பாலூட்டுவதும் உடலை மாற்றும். குட்டிகள் பிழைக்காத தாயையும் பிழைத்த தாயையும் ஒன்றாக எண்ணாதே. எலிகளுக்குப் பெண்களைப் போல மாதவிடாய் நிற்பதில்லை. அந்தப் பருவத்தைப் பார்க்க வேண்டுமானால் சினைப்பையை அகற்றவோ மருந்தால் மெல்ல ஓயச் செய்யவோ வேண்டும். இரண்டும் ஒரே விளைவைத் தருவதில்லை. ஓய்வில் எடுத்த ரத்த அழுத்தத்தை மட்டும் நம்பாதே. ஜாஃபியின் சுண்டெலிகள் காயம்படும்வரை நலமாகத்தான் தெரிந்தன.

ஓராண்டு கூண்டுச் செலவு என்றதும் உன் கைடு தயங்கலாம். எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதும்போதே இந்தத் தாய்களையும் சேர்த்துக் கேள். பின்னால் சேர்ப்பது கடினம். வரைவை எனக்கும் அனுப்பு. குழுக்களைப் பிரித்திருக்கும் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உன் ஆசிரியை