முகிலும் புகையும் கணினியும்

கண்டி நகருக்குக் கிழக்கே, பல்லேகலயிலிருந்து வைகறையில் நோக்குவோர்க்கு, நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடர் பல நாட்களில் முகிலுக்குள் மறைந்தே காணப்படும். கதிரவன் எழுந்ததும் அம்முகிலின் ஓரங்கள் வெள்ளியென மின்னும். அடிப்பாகமோ சாம்பல் நிறமாய் இருண்டிருக்கும். ஓவியர் இதனைத் தூரிகையால் தீட்டுவர். கணினிக்குத் தூரிகை இல்லை; எண்களே உண்டு. எண்களால் முகிலை எங்ஙனம் வரைவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கல்லையோ சுவரையோ வரைதல் எளிது. ஒளி மேற்பரப்பிற் பட்டு மீளுதலால், கணினி அப்பரப்பை மட்டும் கணித்தாற் போதும். முகிலுக்கோ மேற்பரப்பென ஒன்றில்லை. அது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். உட்புகுந்த ஒளிக்கதிர் ஒரு துளியைச் சந்திக்கையில் இரண்டிலொன்று நிகழும்: துளி அதனை உறிஞ்சும், அன்றேல் வேறு திசைக்குச் சிதறடிக்கும். புகைத்துகள்களிடத்தும் இவையே நிகழ்கின்றன. அங்ஙனமாயின் முகில் வெண்மையாகவும், மண்ணெண்ணெய் விளக்கின் புகை கருமையாகவும் தோன்றுவானேன்?

விடை ஓர் எண்ணில் அடங்கியுள்ளது. ஒரு சந்திப்பில் உறிஞ்சப்படாது எஞ்சும் ஒளியின் பங்கே அவ்வெண். விளக்கத்தின் பொருட்டுக் கரும்புகைக்கு அதனை 0.5 எனக் கொள்வோம். பத்துச் சந்திப்புகளின் பின் எஞ்சுவது 1024இல் ஒரு பங்கே. முகிலுக்கு 0.999 எனக் கொள்ளின், நூறு சந்திப்புகளின் பின்னும் ஏறத்தாழ 90 சதவீதம் எஞ்சும். எனவே முகிலின் வெண்மை ஒரு சிதறலால் வருவதன்று. பல சிதறல்கள் கூடி விளைவிப்பது. தடித்த முகிலில் ஒளியின் பெரும்பகுதி மேற்புறமாகவே மீண்டு செல்வதால், அடிப்பாகம் இருண்டு தோன்றுகிறது.

இவ்வறிவு கணினி வரைவியலுக்கு வானியலிலிருந்து வந்தது. சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி செல்லும் முறையைச் சமன்பாடுகளால் ஆராய்ந்து 1950இல் பெருநூலொன்று வெளியிட்டார். 1982இல் ஜேம்ஸ் பிளின் என்பார், சனிக்கோளின் வளையங்களை வரையும் முயற்சியில், ஒற்றைச் சிதறலைக் கணிக்கும் முறையை வகுத்தார். தடித்த வெண்முகிலுக்கு அது போதாது. 1984இல் கஜியா, வான் ஹெர்சன் ஆகிய இருவரும், வானியலார் வளர்த்த கதிர்வீச்சுக் கொள்கையைத் துணைக்கொண்டு, பன்மைச் சிதறலையும் கணிக்க வழிகண்டனர்.

இக்காலக் கணினி ஒவ்வொரு கதிரையும் ஒரு வழிப்போக்கனைப் போலப் பின்தொடர்கிறது. எத்துணைத் தூரத்தில் துளியைச் சந்திக்கும், எத்திசையில் திரும்பும் என்பனவற்றை நிகழ்தகவு விதிக்கமைய எழுமாற்று எண்களால் தீர்மானித்துப் பல கதிர்களின் சராசரியைக் காண்கிறது. கதிர்கள் குறைந்தாற் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். முகில் துளி ஒளியைப் பெரிதும் முன்னோக்கியே சிதறும். கதிரவனை மறைத்து நிற்கும் முகிலின் மெல்லிய ஓரம் மின்னுவது இதனாலேயே. விண்வெளித் தூசுக்காக 1941இல் ஹென்யி, கிரீன்ஸ்டீன் என்போர் தந்த சூத்திரமே இத்திசையைக் கணிக்க இன்றும் வழங்குகிறது.

மாணவர் இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, ஒன்றிற் சில துளி பாலும் மற்றையதிற் சில துளி கறுப்பு மையும் கலந்து, இருட்டறையில் மின்சூள் ஒளியைப் பாய்ச்சுக. பால் நீர் முழுதும் ஒளிரும். மை நீர் ஒளியை விழுங்கும். முன்னது முகிலுக்கும் பின்னது கரும்புகைக்கும் ஒப்பாகும்.

இவையெல்லாம் திரைப்பட விளையாட்டன்றோ என்பார் உளர். அன்று. பல்லேகல வழியே செல்லும் கண்டி–மகியங்கனை வீதி போன்ற மலைப்பாதைகளிற் பனிமூட்டம் வாகனமோட்டிக்குப் பகை. முகப்பு விளக்கின் ஒளியை உயர்த்தினால் மூட்டத்திற் சிதறிய ஒளி ஓட்டுநர் கண்ணுக்கே மீண்டு வழியை மறைக்கும். இதனைக் கணினிக் காட்சியாற் பயிற்றுவோர் சிதறலைப் பிழையாகக் கணித்தால், பயில்வோன் பிழையான பாடத்தையே கற்று வீதிக்கு வருவான். ஆயத்த மென்பொருளின் பொத்தான்களை அழுத்துவோன் அழகிய முகிலைப் பெறலாம். அது மெய்யான முகில்தானா என்பதைப் பௌதிகமும் கணிதமும் பயின்றவனே அறிவான். கணினி கற்கும் நம் இளைஞர் அவ்விரண்டையும் கைவிடாதிருப்பாராக.