பழைய டர்போக் காரும் கடற்காற்றும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிக் கடலையொட்டிச் செல்லும் ஏ4 பெருந்தெருவில், சாய்ந்தமருதையும் காரைதீவையும் நிந்தவூரையும் நிதானமாகக் கடக்கும்வரை யாதொரு குறையுமின்றி ஓடுகின்ற டொயோட்டா ஸ்டார்லட் கிளான்சா, முன்னே போகும் பஸ்ஸை முந்துவதற்காக அக்ஸிலேட்டரை ஆழ மிதித்த மாத்திரத்தில் உதறிச் சக்தியிழக்குமாயின், அந்த லட்சணமே கோளாறு இருக்கும் ஸ்தானத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும் என்பது, அவ்வகைக் காரொன்றை இக்கரையோரத்தில் நெடுங்காலமாகப் பராமரித்து வருகின்ற எனது அனுபவம்.

காரணம் எளிது. 1331 சிசி அளவேயான அந்தச் சிறிய என்ஜினுக்குள் டர்போ காற்றை நெருக்கி அடைக்க அடைக்க, பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி பாய்வதற்கு மேலும் மேலும் உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்படுகிறது. நாட்பட்ட பிளக் வயரோ, வெடிப்பு விழுந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ அதனைத் தாங்கமாட்டாதபோது, மின்சாரம் இலகுவான வழியாக என்ஜினின் உலோகத்தில் இறங்கிவிட, அந்தச் சிலிண்டரில் பெற்றோல் எரியாமலே போகிறது. இதனோடு எங்கள் ஊர்களின் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மாரியில் ஈரமும் கூடிவிட்டால், பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படிவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தடைப்பட்டிருந்தமையால், பழைய கார்களைப் போற்றிப் பாதுகாப்பது பலருக்கும் அவசியமாயிற்று. ஆனால் ஊகத்தின்பேரில் பார்ட்ஸ் மாற்றும் வழக்கம்மட்டும் மாறவில்லை. “என்ஜின் மிஸ் பண்ணுது காக்கா, கொயிலை மாத்திப் பாப்பமா?” என்று கராஜில் இளைஞரொருவர் கேட்டபோது, “முதல்ல பிளக்கக் கழட்டுங்க தம்பி, பொறகு பாப்பம்” என்றேன். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடியிருந்தது. அதன் குழியிலோ டெப்பட் கவர் சீல் வழியே கசிந்த எண்ணெய் தேங்கி, வயரின் ரப்பரை ஊறவைத்திருந்தது. சீலையும் வயர்களையும் மாற்றி, புதிய பிளக்குகளின் இடைவெளியை 0.8 மில்லிமீற்றரில் வைத்ததும் உதறல் முற்றாக நின்றது. கொயிலில் கைவைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இன்னுமொரு பரீட்சையும் உண்டு. இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, வயர்களின்மீது தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்தால், கசிகின்ற இடத்தில் நீலப்பொறி துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். பல்லாயிரம் வோல்ட் பாயும் இடமாதலால், அவ்வேளையில் எதனையும் தொடவே கூடாது.

நின்ற நிலையிலேயே என்ஜின் உதறினால் விஷயம் வேறு. இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கையில், எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலைசெய்யாதது. அதில் பொறியும் பெற்றோலும் சரியாயிருந்தால் கொம்பிரஷன் பார்க்க வேண்டும். சிறிது எண்ணெய் விட்டதும் அழுத்தம் உயருமாயின் ரிங் தேய்ந்திருக்கிறது, உயராவிடில் வால்விலோ ஹெட் கெஸ்கட்டிலோ சந்தேகம் கொள்ளலாம்.

உள்ளே வரும் காற்றை அளக்கும் மீற்றர் பொருத்திய சில டர்போக் கார்களில், அளந்த காற்று குழாய் வெடிப்பால் வெளியேறிப் பெற்றோல் மிகுந்து, கரும்புகையோடு உதறல் வரும். கிளான்சாவோ காற்றின் அழுத்தத்தை அளந்தே பெற்றோலை நிர்ணயிப்பதால், அக்கார்களுக்குரிய பரிகாரத்தை இதற்கும் செய்வதில் பிரயோசனமில்லை. உதறலைத் தானே கண்டறிந்து அறிவிக்கும் ஏற்பாடும் கிளான்சாவில் இல்லை. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதற்காக நிம்மதி கொள்ளலாகாது.

எரியாத பெற்றோல் சைலன்சர் குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். பெற்றோல் பம்ப் தளர்ந்து டர்போ அழுத்தத்தில் எரிபொருள் குறைவதே காரணமானால், பிஸ்டனே உருகிவிடக்கூடும். ஆகையால் உதறியவுடன் காலைத் தளர்த்துங்கள். காரை பாஸிடம் ஒப்படைக்கும்போது, எந்தக் கியரில், எந்த வேகத்தில், என்ஜின் சூடான பின்னா முன்னா, மழைக்குப் பிறகா என்பதையெல்லாம் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்த பிறகே அவர் ஸ்பனரை எடுக்கட்டும்.